ஆஸ்பத்திரி சுவரில் ஆக்சிஜன் வரும், வீட்டுச் சுவரில்?

மூச்சு சிகிச்சை மாணவர்கள் படிக்க வேண்டிய இன்னொரு பாடம்

சென்னை,

வடசென்னையில் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பு. மூன்றாவது மாடி. ஒரே அறை. கட்டிலில் பெரியவர் ஒருவர். மூக்கில் டியூப். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது.

இரவு 11 மணி. பொட்டென்று கரண்ட் போகிறது. மெஷின் "கீ...கீ..." என்று கத்துகிறது.

மூலையில் சிலிண்டர் நிற்கிறது. அதைத் திறக்கும் சாவி எங்கே? பெரியவரின் மனைவி செல்போன் வெளிச்சத்தில் தேடுகிறார். சாவி கிடைத்தாலும் எந்தப் பக்கம் திருப்புவது?

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் இருந்து ஆக்சிஜனோடு திரும்பும் யார் வீட்டிலும் நடக்கக் கூடியது தான்.

அந்த அம்மாவுக்கு இதை எல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் யார்?

நாலு பேர் ஓடி வருவார்கள்

"ரெஸ்பிரேட்டரி தெரபி" என்று ஒரு பட்டப் படிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 3 வருடம் படிப்பு, 1 வருடம் ஆஸ்பத்திரி பயிற்சி. வெண்டிலேட்டரை ஓட்டுவது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்ப்பது எல்லாம் இவர்கள் வேலை.

ஐ.சி.யு.வில் இவர்கள் புலி. அங்கே சுவரில் இருந்து ஆக்சிஜன் வருகிறது. அலாரம் அடித்தால் நாலு பேர் ஓடி வருவார்கள்.

வீட்டில் யார் வருவார்? மெஷின் கொண்டு வரும் பையன் பிளக்கைச் சொருகி, பில்லில் கையெழுத்து வாங்கிக் கொண்டு போய் விடுவார். அவரைக் குறை சொல்லக் கூடாது. அவர் வேலை அவ்வளவு தான்.

15 மணி நேர கணக்கு

நாள்பட்ட மூச்சு நோயாளிகளுக்கு வீட்டில் ஆக்சிஜன் கொடுத்தால் பலன் உண்டா? பிரிட்டனில் இதைச் சோதித்து 1981-ல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் 15 மணி நேரமாவது ஆக்சிஜன் எடுத்தவர்கள் 42 பேர். 5 வருடத்தில் அவர்களில் 19 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் எடுக்காத 45 பேரில் இறந்தவர்கள் 30 பேர்.

ஆகவே 15 மணி நேரம் என்பது சும்மா சொல்லும் கணக்கு அல்ல. ஆனால் 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் கரண்ட் இழுக்கும். 15 மணி நேரம் ஓட்டினால் ஒரு நாளைக்கு 5 யூனிட்டுக்கு மேல். 2 மாதத்தில் 300 யூனிட்டைத் தாண்டி விடும். பில்லுக்குப் பயந்து "அவருக்கு இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று ஆப் செய்து விடுவார்கள். வார்டில் நிற்கும் மாணவருக்கு இது தெரியவே தெரியாது. வீட்டில் மீட்டர் பெட்டியைப் பார்த்தால் தான் தெரியும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. மூச்சு வாங்குகிறதே என்று டாக்டர் சொன்ன 2 லிட்டரை 5 லிட்டர் ஆக்கி விடுவார்கள். பீடி, சிகரெட், அடுப்புப் புகையால் நுரையீரல் கெட்ட சிலருக்கு அதிக ஆக்சிஜனே விஷமாகி விடும். உடலில் கரியமில வாயு தங்கி, மயக்கம் போல் தூக்கம் வரும். வீட்டில் இருப்பவர்களோ "நிம்மதியா தூங்குறார்" என்று சந்தோஷப்படுவார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு விரலில் மாட்டும் கருவி 88 முதல் 92 வரை காட்டினால் போதும். 98 வர வேண்டும் என்று திருகக் கூடாது.

சிலிண்டருக்கும் கணக்கு உண்டு. சின்ன "பி டைப்" சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரம் வரும். 5 லிட்டர் வைத்தால் 5 மணி நேரத்தில் காலி. இரவு 11 மணிக்கு இதைக் கணக்குப் போட முடியாது. முன்னாலேயே சுவரில் எழுதி ஒட்டி இருக்க வேண்டும்.

சாமி விளக்கு

ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது. அடுப்பும் விளக்கும் 10 அடி தள்ளி இருக்கட்டும் என்று சொல்லித் தருகிறார்கள். 10-க்கு 10 அறையில் 10 அடிக்கு எங்கே போவது? கட்டிலை வாசல் பக்கம் திருப்பலாம். டியூபை நீட்டலாம். அந்த வீட்டில் நின்று பார்த்துத் தான் முடிவு செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் பாட்டியிடம் "அணைங்க" என்று அதட்டினால் வேலை நடக்காது. "பாட்டி, விளக்கை அந்த ஜன்னல் பக்கம் வச்சுக்கலாமா?" என்று கேட்கத் தெரிய வேண்டும். மூக்கு காய்கிறது என்று எண்ணெய், தைலம் தடவுவதும் தப்பு. தாத்தாவின் தலையணைக்கு அடியில் பீடிக் கட்டு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தொண்டையில் துளை போட்டு டியூப் வைத்தவர்கள் வீட்டில் இன்னும் கஷ்டம். சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 15 விநாடியைத் தாண்டக் கூடாது. தெரபிஸ்ட் ஒரு முறை செய்து காட்டி விட்டுக் கிளம்பினால் போதாது. அந்த அம்மா தன் கையால் திருப்பிச் செய்ய, இவர் கையைக் கட்டிக் கொண்டு பார்க்க வேண்டும். இது மாணவர்களுக்கு ரொம்பக் கஷ்டமான பாடம். கை பரபரக்கும்.

பயிற்சி எங்கே?

2021 ஆகஸ்டு 5-ந் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கிய போது பிசியோதெரபிஸ்டும், நோய் தணிப்பு நர்சும் வீடு தேடிப் போனார்கள். மூச்சு சிகிச்சை மாணவர்களையும் இப்படி அனுப்பலாமே? ஒரு வருட பயிற்சியில் சில வாரங்கள், ஆசிரியரோடு, நாலு விதமான வீடுகளுக்குப் போகட்டும். அதற்கும் மார்க் போடட்டும். மருத்துவ துணை படிப்புகளுக்கு என்றே 2021-ல் பார்லிமெண்டு சட்டம் போட்டு ஆணையம் அமைத்தது. அந்த ஆணையம் நினைத்தால் முடியும்.

இப்போது ஆஸ்பத்திரியில் இருந்து ஆக்சிஜனோடு கிளம்புகிறவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும் முன் அங்கேயே ஒரு தடவை சிலிண்டரைத் திறந்து மூடிப் பாருங்கள். இடது பக்கம், மெதுவாகத் திருப்ப வேண்டும். சாவியை சிலிண்டர் கழுத்திலேயே கயிறு போட்டுக் கட்டி விடுங்கள்.

டார்ச் லைட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.