வாரண்டு எங்கே?

அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்று ஒரு நகரம். அங்கே ஒரு வீட்டின் மாடியில் டால்ரி மாப் என்ற பெண் தம் மகளுடன் குடியிருந்தார்.

1957-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி 3 போலீசார் வந்து கதவைத் தட்டினார்கள். குண்டு வெடிப்பு வழக்கில் தேடப்படும் ஆள் அங்கே பதுங்கி இருப்பதாக அவர்களுக்குத் தகவல்.

டால்ரி மாப் வக்கீலுக்கு டெலிபோன் செய்தார். பிறகு, வாரண்டு இல்லாமல் உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார்.

சுமார் 3 மணி நேரம் கழிந்தது. இன்னும் பல போலீசார் வந்து சேர்ந்தனர். கதவு உடைபட்டது! ஓடி வந்த வக்கீலையும் உள்ளே விடவில்லை.

வாரண்டைக் காட்டும்படி டால்ரி மாப் கேட்டார். ஓர் அதிகாரி ஏதோ ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். டால்ரி மாப் அதை வெடுக்கென்று பறித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். போலீசார் போராடி அதைப் பிடுங்கினர். அவர் கையில் விலங்கும் ஏறியது.

பிறகு வீடு முழுவதும் சோதனை. அலமாரி, சமையல் அறை, மகள் படுக்கும் அறை, போட்டோ ஆல்பம் எதையும் விடவில்லை. ஆளைத் தேடுகிறவர்களுக்கு ஆல்பத்தில் என்ன வேலை?

அகப்பட்டவை சில ஆபாசப் புத்தகங்களும் படங்களும்தான். முன்பு குடியிருந்தவர் விட்டுச் சென்றவை அவை என்றார் டால்ரி மாப். கோர்ட்டு ஏற்கவில்லை. ஓராண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில் என்று தீர்ப்பாயிற்று. வாரண்டு மட்டும் கோர்ட்டுக்கு வரவே இல்லை!

எந்த இடம், என்ன பொருள் என்று வாரண்டில் குறிப்பிட வேண்டும் என்பது 1791-ம் ஆண்டு முதல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் உள்ள விதி. யானையைக் காணாதவன் பானைக்குள்ளும் கைவிட்டுப் பார்ப்பான் என்பார்கள். இந்தச் சட்டம் அதற்கு இடம் கொடுக்காது. களவு போன டெலிவிஷன் பெட்டியைத் தேட வந்தவர் மேஜை டிராயரைத் திறக்கக் கூடாது. வீட்டுக்காரர் சம்மதித்தாலோ, அவசர ஆபத்து என்றாலோ வாரண்டு தேவை இல்லை.

1961-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தண்டனையை ரத்து செய்தது. சட்டத்தை மீறி எடுத்த பொருளை மாநிலக் கோர்ட்டுகளிலும் சாட்சியமாகக் காட்ட முடியாது என்றது. போலீசார் செய்த தவறுக்காகக் குற்றவாளி தப்புவதா என்று பலர் சீறினார்கள். 1984-ல் அதே கோர்ட்டு விதியைச் சற்றுத் தளர்த்தியது. குறையுள்ள வாரண்டை நல்லெண்ணத்துடன் நம்பிச் சோதனை போட்டிருந்தால், கிடைத்த பொருள் செல்லும் என்றது.

டால்ரி மாப் பிறகு நியூயார்க்கில் குடியேறினார். 1970-ல் அங்கும் போலீசார் வந்து போதைப் பொருள்களைக் கைப்பற்றினர். இந்தத் தடவை வாரண்டுடன் வந்தார்கள். 1971-ல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.