ரொட்டி கேட்க வெட்கப்பட்ட மாணவர்

பள்ளிக்கூட மணி அடித்ததும் அந்த மாணவர் வீட்டை நோக்கி ஓட்டம் எடுப்பார். பசியா? இல்லை. விளையாடவா? அதுவும் இல்லை. யாராவது பேச்சுக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்!

அவர்தான் மோகன்தாஸ் காந்தி. பிற்காலத்தில் நாடே "மகாத்மா" என்று கொண்டாடியவர். கூட்டம் கூட்டமாக மக்கள் அவர் பேச்சைக் கேட்க வந்தது பிந்திய கதை. மாணவராக இருந்தபோது நாலு பேர் முன்னால் அவருக்கு நா எழாது.

இப்படிப்பட்ட பிள்ளை கல்லூரிக்குப் போனால் என்ன ஆகும்?

ஒரே பருவம்

1888-ம் ஆண்டு தொடக்கத்தில், குஜராத்தில் உள்ள பவநகர் சாமல்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 18. பேராசிரியர்கள் கெட்டிக்காரர்கள். ஆனாலும் பாடம் ஒன்றும் தலையில் ஏறவில்லை. ஒரே பருவம்தான் படித்தார். படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

சீமைக்கு அனுப்பினால் மூன்றே வருடத்தில் பாரிஸ்டர் ஆகிவிடலாம் என்று குடும்ப நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். உள்ளூர்ப் படிப்பிலேயே தடுமாறிய பிள்ளைக்குச் சீமைப் படிப்பு! மகனுக்கோ தாங்க முடியாத ஆசை. தாயார் புத்லிபாய் தயங்கினார். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று மகன் சத்தியம் செய்த பிறகுதான் விடை கொடுத்தார்.

மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு, செப்டம்பர் 4-ந்தேதி பம்பாயில் கப்பல் ஏறினார்.

கப்பலில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். ஒரு வாக்கியம் பேச வேண்டுமானால் முதலில் அதை மனதுக்குள் கட்டிப் பார்க்க வேண்டும். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. எந்தப் பண்டத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கவும் கூச்சம். ஆகவே சாப்பாட்டு மேஜைப் பக்கமே போகவில்லை. ஊரிலிருந்து கொண்டுபோன பலகாரத்தையும் பழத்தையும் அறைக்குள்ளேயே வைத்துச் சாப்பிட்டார்.

இரண்டு துண்டு ரொட்டி

லண்டனில் பகல் எப்படியோ கழிந்துவிடும். இரவு வந்தால் அம்மாவின் நினைவு. கண்ணீர் தாரை தாரையாக வழியும். சொல்லி அழவும் ஆள் இல்லை.

பசி வேறு! தங்கியிருந்த வீட்டில் உப்பும் காரமும் இல்லாத வேகவைத்த காய்கறி. கூடவே இரண்டு மூன்று துண்டு ரொட்டி. இன்னும் வேண்டும் என்று வயிறு கேட்கும். வாய் கேட்காது. பிறகு போய்ச் சேர்ந்த வீட்டில், அந்த வீட்டுக்கார அம்மாளின் பெண்கள் இருவரும் கூடுதலாக ஒன்றிரண்டு துண்டு ரொட்டி எடுத்து வைப்பார்கள். பாவம், முழு ரொட்டி இருந்தால்தான் அவர் பசி ஆறும் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. முதன்முதலாக மாணவர் விடுதிக்குப் போய், இன்னொரு கரண்டி சோறு கேட்கத் தயங்கியவர்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகப் புரியும்.

மாமிசம் சாப்பிட்டால் என்ன என்று நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். படிக்காத தாயாருக்குக் கொடுத்த வாக்கு ஒரு வாக்கா என்றும் கேட்டார். காந்தி விவாதம் செய்யவில்லை. மாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

மைல் கணக்கில் நடந்து ஊரைச் சுற்றிவந்தபோது, ஒரு நாள் பாரிங்டன் தெருவில் சைவ உணவு விடுதி ஒன்று கண்ணில் பட்டது. இங்கிலாந்துக்கு வந்த பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டார். சைவ உணவு பற்றிய புத்தகம் ஒன்றையும் ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

நண்பரும் விடவில்லை. ஹோல்பர்ன் என்ற பெரிய ஓட்டலுக்கு அழைத்துச் சென்றார். அரண்மனை போன்ற இடம். அங்கே வாய் திறக்க மாட்டார் என்பது நண்பரின் கணக்கு. முதலில் சூப் வந்தது. இதில் மாமிசம் உண்டா என்று பரிமாறுகிறவரிடம் காந்தி விசாரித்துவிட்டார்! நண்பருக்கு வந்ததே கோபம். வெளியே போய்விடு என்றார். காந்தி எழுந்து போனார். பக்கத்தில் இருந்த சைவ விடுதி மூடியிருந்தது. அன்று இரவு பட்டினி.

நண்பருக்காகவே மற்ற நாகரிகங்களைக் கற்றுக்கொள்ளத் துணிந்தார். உயர்ந்த தொப்பி, 10 பவுன் விலையில் உடுப்பு, பிடில், நடன வகுப்பு. தாளத்துக்குக் கால் ஒத்துவரவில்லை. ஏறக்குறைய மூன்று மாதத்தில் அந்த மயக்கம் தெளிந்தது.

விருந்தும் ஒரு பாடம்

அவர் சேர்ந்திருந்த இன்னர் டெம்பிள் என்ற சட்டக் கழகத்தில் அப்போது விசித்திரமான விதி ஒன்று இருந்தது. பரீட்சை தேறினால் மட்டும் போதாது. 12 பருவங்களில், பருவத்துக்கு 6 விருந்துகளிலாவது கலந்துகொள்ள வேண்டியிருந்தது. கூச்சக்காரருக்கு இதைவிடத் தண்டனை வேறு வேண்டுமா?

ஆனால் நடந்ததோ வேறு. நாலு பேர் சேர்ந்த ஒரு குழுவுக்கு இரண்டு புட்டி மது கொடுப்பார்கள். காந்தியோ தொடமாட்டார். அவர் சேர்ந்த குழுவில் மற்ற மூவருக்கும் கொண்டாட்டம்! அவரைத் தங்களோடு சேர்த்துக்கொள்ள மாணவர்களுக்குள் போட்டி.

ஆரம்பத்தில் அந்த விருந்துகளில் ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். போகப் போக, வேறு பண்டம் வேண்டும் என்று கேட்கும் தைரியம் வந்தது. சைவம் உண்ணும் பார்சி மாணவர் ஒருவரும் கூடச் சேர்ந்தார். கழகத்தின் மூத்த வழக்கறிஞர்களுக்குப் பரிமாறும் காய்கறி வகைகள் தங்களுக்கும் வேண்டும் என்று இருவரும் விண்ணப்பம் எழுதிப் போட்டார்கள். அனுமதி கிடைத்தது. பெரியவர்களின் மேஜையிலிருந்து பழமும் காய்கறியும் வந்தன.

1891-ம் ஆண்டு ஜூன் மாதம் பாரிஸ்டர் ஆகி ஊர் திரும்பினார். புறப்படும் முன்பு சைவ நண்பர்களுக்கு ஒரு விருந்து வைத்தார். எங்கே தெரியுமா? அதே ஹோல்பர்ன் ஓட்டலில்! நிர்வாகியிடம் பேசி, எல்லாப் பண்டங்களையும் சைவமாகவே சமைக்க ஏற்பாடு செய்திருந்தார்.

சாப்பாடு முடிந்தது. நன்றி சொல்ல எழுந்தார். வேடிக்கையாகப் பேச வேண்டும் என்று முன்னதாகவே யோசித்து வைத்திருந்தார். முதல் வாக்கியம் வந்தது. அடுத்தது வரவில்லை. அழைப்பை ஏற்று வந்ததற்கு நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.