நியூமன் இழந்த ஆக்ஸ்போர்டு

‘உன் சாமி உனக்கு, என் சாமி எனக்கு, எல்லாம் அவரவர் மனசைப் பொறுத்தது.’ சண்டை வராமல் பேச்சை முடிக்க வசதியான வாக்கியம். ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஹென்றி நியூமன் ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியது இதனோடுதான். 1879 மே 12 அன்று ரோமில், கர்தினால் நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் 78 வயது நியூமன் ஓர் உரை ஆற்றினார். சமயத்தில் உறுதியான உண்மை என்று ஒன்றில்லை, அது வெறும் உணர்வும் ரசனையும்தான் என்ற கொள்கையைப் பல பத்தாண்டுகளாக எதிர்த்து வந்ததாக அதில் சொன்னார்.

பிடிவாதக்காரப் பெரியவர் என்று ஒதுக்கிவிட முடியாது. ரசனைப்படி வாழ்ந்திருந்தால் அவர் ஆக்ஸ்போர்டை விட்டு நகர்ந்திருக்கவே மாட்டார். ஓரியல் கல்லூரி, செயின்ட் மேரி ஆலயத்தில் அவருடைய மறையுரைக்குக் கூடிய மாணவர்கள், ஆங்கிலிக்கன் நண்பர்கள் என எல்லாமே அங்கேதான். ஆதித் திருச்சபையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, உண்மை ரோம் பக்கம் இருக்கிறது என்ற முடிவு அவரை நெருக்கியது. 1845 அக்டோபர் 8 இரவு, கொட்டும் மழையில் நனைந்தபடி, ஆக்ஸ்போர்டு அருகே நியூமன் தங்கியிருந்த லிட்டில்மோர் வந்து சேர்ந்தார் இத்தாலியத் துறவி டொமினிக் பார்பேரி. கணப்பருகே அவர் ஈரம் உலர்த்திக்கொண்டிருக்கும்போதே நியூமன் காலில் விழுந்தார். மறுநாள் கத்தோலிக்கர் ஆனார். தங்கை ஹாரியட் உறவை முறித்துக்கொண்டார். ஆக்ஸ்போர்டில் அவர் படித்த டிரினிட்டி கல்லூரி அவரைக் கௌரவித்தது 1878-ல்தான்.

அவருடைய இன்னொரு வாசகம் ரோம் உரையைவிடப் பிரபலம். விருந்தில் வாழ்த்துச் சொல்லிக் கிண்ணம் உயர்த்துவதானால் முதலில் மனச்சான்றுக்கு, பிறகே பாப்பரசருக்கு என்று 1875-ல் ஒரு நூலில் எழுதினார். ‘எனக்குப் பட்டதே சரி’ என்பவர்கள் இதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். மனச்சான்றின் பேரில் சுயவிருப்பத்தைக் கொண்டாடுகிறவர்களை அதே நூலில் அவர் விளாசுவதை யாரும் சொல்வதில்லை. அவருக்கு மனச்சான்று கட்டளையிடும் குரல். கேட்பவருக்குப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்குக் கிடையாது.

சொந்த ரசனைக்குக் கோட்பாட்டு முலாம் பூசுகிறவர்கள் திருச்சபைக்குள்ளும் உண்டு. லத்தீன் திருப்பலியா, கிட்டார் இசையா என்ற சண்டையில் பாதி அந்த ரகம்தான். நியூமன் ரசனையையும் கோட்பாட்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. பாப்பரசரின் தவறா வரத்தை அவர் நம்பினார். ஆனாலும் அதை அவசரமாக அறிவிக்க 1870 சரியான நேரமல்ல என்றே கருதினார். ரோம் உரையிலும், தாம் எதிர்த்த தரப்பார் முன்வைக்கும் நீதி, வாய்மை, தன்னடக்கம், ஈகை எல்லாம் நல்லவையே என்று ஒப்புக்கொண்டார். அவை சமயத்தின் இடத்தில் வந்து உட்காருவதுதான் அவருக்கு ஆபத்தாகப் பட்டது.