லாபம் குறையவில்லை, பங்கின் விலை ஏன் குறைந்தது?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி பேருந்து நிறுத்தத்தில் ஒரு நாள் காலை என் பழைய மாணவன் ஒருவனைச் சந்தித்தேன். "சார், அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கொஞ்சம் டி.சி.எஸ். பங்கு வாங்கினார். கம்பெனி லாபத்தில்தான் நடக்கிறது. ஆனால் பங்கு விலை இறங்கிவிட்டது. செயற்கை நுண்ணறிவு வந்ததால் என்கிறார்கள். லாபம் வரும்போது விலை எப்படி சார் இறங்கும்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. வாசகர்களே, முதலில் கணக்கைப் பார்ப்போம்.

டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் 1968-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். 2024-25 நிதியாண்டில் அதன் நிகர லாபம் ஏறத்தாழ 48,500 கோடி ரூபாய். முந்தைய ஆண்டைவிட இது அதிகம். ஒரு பங்குக்கு என்று பிரித்தால் ஏறத்தாழ 134 ரூபாய் வருகிறது. ஆனால் 2024 ஆகஸ்ட் இறுதியில் 4,500 ரூபாயை ஒட்டியிருந்த பங்கின் விலை, 2025 செப்டம்பர் இறுதியில் 3,000 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு மதிப்பு போய்விட்டது!

விலை எதை அளக்கிறது?

வேலப்பன்சாவடியில் சாலையோரம் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாத வாடகை 10,000 ரூபாய். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். கடையை 40 லட்சத்துக்கு ஒருவர் கேட்கிறார். அதாவது, ஏறத்தாழ 33 ஆண்டு வாடகையை இன்றே தரத் தயாராக இருக்கிறார். இந்தச் சமயத்தில், போக்குவரத்தை வேறு வழியில் திருப்பப் போகிறார்கள் என்று ஒரு செய்தி பரவுகிறது. இந்த மாத வாடகை அதே 10,000தான். ஆனால் இனி 26 லட்சத்துக்கு மேல் கேட்க ஆளில்லை. 33 ஆண்டு வாடகை 22 ஆண்டு வாடகையாகச் சுருங்கிவிட்டது.

இப்போது 4,500-ஐ 134-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 33. 3,000-ஐ வகுத்தால் 22. கடைக்கு நேர்ந்ததே பங்குக்கும் நேர்ந்தது. லாபம் என்பது நடந்து முடிந்ததன் அளவு. விலையோ வரப்போவதைப் பற்றிய எதிர்பார்ப்பின் அளவு. அமெரிக்க வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கியதும் ஒரு காரணம்தான். ஆனால் நீடித்த கவலை செயற்கை நுண்ணறிவைப் பற்றியதே.

மணிக்கணக்கு வியாபாரம்

மென்பொருள் சேவை நிறுவனத்தின் வருமானம் பெரும்பாலும் ஒரு பெருக்கல் கணக்கு: ஆட்கள், உழைத்த மணிகள், மணிக்கான கட்டணம். பத்து மணி நேர வேலையைக் கருவி ஆறு மணி நேரமாகக் குறைத்தால், வாடிக்கையாளர் ஆறு மணிக்குத்தானே பணம் தருவார்? 2025 ஜூலையில் இந்நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அது மொத்த ஊழியரில் நூற்றுக்கு இரண்டு பேர். அவர்கள் பெரும்பாலும் நடுத்தர, மேல்நிலைப் பொறுப்பில் இருந்தவர்கள்.

ஆனால் கதைக்கு மறுபக்கமும் உண்டு. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரம் பழைய எந்திரங்களைவிடக் குறைந்த நிலக்கரியில் ஓடியது. அதனால் நிலக்கரிச் செலவு குறைந்ததா? இல்லை, பெருகியது! எந்திரத்தை ஓட்டுவது மலிவானதும் ஆயிரம் தொழில்கள் அதை வாங்கிக்கொண்டன. இதை 1865-இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலறிஞர் எடுத்துக் காட்டினார். மென்பொருளும் மலிவானால், இதுவரை அதைக் கேட்காதவர்களும் கேட்கக்கூடும். எந்த விளைவு முந்தும் என்பதில்தான் முதலீட்டாளர்கள் இரண்டு அணியாகப் பிரிகிறார்கள்.

நாற்காலியிலிருந்து மின்நிலையத்துக்கு

2025 அக்டோபரில் இந்நிறுவனம், 5 முதல் 7 ஆண்டுகளில் 1 ஜிகாவாட் அளவுக்குத் தரவு மையம் அமைக்கப்போவதாக அறிவித்தது. ஒரு ஜிகாவாட் என்றால் 1,000 மெகாவாட். கூடங்குளத்தின் ஓர் அணுஉலையின் திறன்! முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்கு 2 கோடியே 40 லட்சம் யூனிட். கணிப்பொறிச் சில்லுகளுக்குள் போகும் மின்னாற்றல் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. அந்த வெப்பத்தை இரவும் பகலும் வெளியேற்றவேண்டும். நமக்கு அருகில் அம்பத்தூரிலுள்ள தரவு மையங்களிலும் இதே பிரச்சினைதான்.

இதுவரை இந்நிறுவனத்துக்கு மூளையுள்ள ஆட்களும் அவர்கள் உட்கார இடமும் போதும். முதலீடு குறைவு, லாபம் மிகுதி. கட்டடம், மின்சாரம், குளிரூட்டல் என்று இறங்கும்போது பெரும்பணம் முடங்கும். சில்லுகளை வாடிக்கையாளர்களே கொண்டுவருவார்கள் என்பது திட்டம். ஆகவே, குடிவருபவர் போதுமான அளவில் வருவாரா என்பதே கேள்வி.

மாணவனிடம் நான் சொன்னது இதுதான்: "விற்பதா, வைத்திருப்பதா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுவனம் கணக்கு வெளியிடுகிறதே, அதில் மூன்றைப் பார்க்கச் சொல். வருமானம் வளர்கிறதா? ஓர் ஊழியருக்குக் கிடைக்கும் வருமானம் உயர்கிறதா? முடக்கிய ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் எவ்வளவு லாபம் வருகிறது? மூன்றும் ஏறினால் ஜெவன்ஸ் பக்கம் வெல்கிறது. மூன்றும் இறங்கினால் சாலை திரும்பிவிட்டது என்று பொருள். எதுவானாலும் ஓய்வுப் பணம் முழுவதையும் ஒரே கடையில் போடவேண்டாம்."

பேருந்து வந்தது. ஏறும்போது அவன் கேட்டான்: "அப்போ என் வேலை சார்?"

"உன் மணிக்கணக்கின் விலை குறையலாம். எந்தக் கணக்கைப் போடவேண்டும் என்று தெரிந்தவனின் விலை அவ்வளவு சுலபமாகக் குறையாது" என்றேன்.