விண்கலத்தைத் துடைக்கும் கரைப்பான்

விண்கலத்தின் மேற்பரப்பு மாசு என்பது தூசியை மட்டும் குறிப்பதன்று. பசை, வண்ணப்பூச்சு, கம்பியுறை ஆகியவற்றிலிருந்து கசியும் ஆவி, குளிர்ந்த கண்ணாடிகளில் எண்ணெய்ப் படலமாகப் படிந்து, சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டதும் இறுகிக் கருத்துவிடுவதே அதில் கொடியது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 கலத்தின் முதன்மைக் கருவி ஹொசகோட்டையில் உருவானபோது, அங்குப் பணியாற்றியோர் வாசனைத் திரவியம் பூசிக்கொள்ளவும் தடை இருந்தது இதனால்தான்.

இப்படலத்தை அளப்பதற்கு, தூய துணியைக் கரைப்பானில் நனைத்து மேற்பரப்பைத் துடைத்து, துணியில் ஏறியதை மீண்டும் கரைத்தெடுத்து, சிறு தட்டில் ஆவியாக விட்டு, எஞ்சியதை நுண்தராசில் நிறுப்பார்கள். அந்த எஞ்சிய பொருளே 'ஆவியாகா எச்சம்' எனப்படும். 0.1 சதுர மீட்டரில் 1 மில்லிகிராம் எண்ணெய் சீராகப் பரவினால் அதன் தடிமன் ஏறத்தாழ 10 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே கரைப்பான் தன் தடத்தைச் சிறிதும் விடாமல் மறைய வேண்டும்.

இத்தகுதி வாய்ந்த, தீப்பற்றாத சிஎஃப்சி-113 என்னும் கரைப்பான், ஓசோன் படலத்தைச் சிதைத்ததால் 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் விலக்கப்பட்டது. நன்றாகக் கரைக்கும் டைகுளோரோமீத்தேனோ உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறுவதோடு, புற்றுநோய் ஐயத்துக்கும் உரியது. மாற்றாக வந்த என்-புரோப்பைல் புரோமைடு நரம்புகளைத் தாக்குவது பின்னரே தெரிந்து, 2022இல் அமெரிக்கா அதை ஆபத்தான காற்று மாசுகளின் பட்டியலில் சேர்த்தது. தெரிந்த நஞ்சுக்குப் பதிலாகத் தெரியாத நஞ்சை ஏற்பது தீர்வாகாது.

சார்ல்ஸ் ஹான்சன் 1967இல் வகுத்த முறை இங்கே கைகொடுக்கிறது: ஒவ்வொரு திரவத்தின் கரைக்கும் இயல்பையும் மூன்று எண்களால் குறித்தால், தனித்தனியே போதாத இரண்டு திரவங்களைக் கலந்து, விலக்கப்பட்ட கரைப்பானின் எண்களை நெருங்க முடியும். நகப்பூச்சை அகற்றப் பயன்படும் எத்தில் அசிட்டேட்டுடன் சைக்ளோஹெக்சேனைச் சேர்ப்பது அத்தகைய ஒரு வழி. இவை எளிதில் தீப்பற்றுபவை என்பது உண்மையே. ஆயினும் தீயைக் காற்றோட்டத்தாலும் பொறி எழாத கருவிகளாலும் தடுக்க முடியும் என்பதால், ஓசையின்றி உடலில் ஏறும் நஞ்சைவிட இதுவே ஏற்கத்தக்கது.

கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழிற்கூடங்களில் கரைப்பான்களைக் கையாள்வோரும் இதை அறிந்திருப்பது நல்லது. டைகுளோரோமீத்தேன் கொதிப்பது ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸில், அதாவது இப்பகுதியின் கத்திரி வெயில் எட்டும் வெப்பத்தில். காற்றைவிடக் கனமான அதன் ஆவி தரையோரம் தேங்கும், சாதாரண ரப்பர் கையுறையை அத்திரவம் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்.