எட்டுப் பகடைகளில் ஒரு டெக்கத்லான்

சென்ற விடுமுறையில், மழை பெய்த ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குண்டு எறிதல் போட்டி நடந்தது. போட்டியாளர்கள் மூவர்: தொடக்கநிலை 6ல் படிக்கும் என் தம்பி, எழுபது வயதைத் தாண்டிய பாட்டி, பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டு மாணவியான நான். இரும்புக் குண்டுக்குப் பதிலாக எங்களிடம் இருந்தவை எட்டுப் பகடைகள்.

தம்பி ஐந்து பகடைகளை எறிந்து முடித்தபோது 18 புள்ளிகள் சேர்ந்திருந்தன.

“போதும்பா, நிறுத்திக்க,” என்றார் பாட்டி.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு பாட்டி,” என்று தம்பி ஆறாவதை உருட்டினான். விழுந்தது 1. பதினெட்டும் போய்விட்டது.

“பேராசை பெருநஷ்டம்னு சும்மாவா சொன்னாங்க,” என்று பாட்டி சிரித்தார். தம்பியின் முகம் வாடியது.

உண்மையிலேயே அது பேராசைதானா? அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் நினைத்துப் பார்க்கவே விரும்பாத ஒரு பழைய போட்டியிடம் அந்தக் கணக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

பத்துப் போட்டிகள், பத்து விதிகள்

நாங்கள் விளையாடியதன் பெயர் ‘டெக்கத்லான்’. இதை உருவாக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ரைனர் க்னீஸியா. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற இவர், நூற்றுக்கணக்கான பலகை, அட்டை விளையாட்டுகளை வடிவமைத்தவர்.

உண்மையான டெக்கத்லான் இரண்டு நாள்களில் பத்துத் திடல்தடப் போட்டிகளைக் கொண்டது. முதல் நாள் 100 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 400 மீட்டர் ஓட்டம். மறுநாள் 110 மீட்டர் தடை ஓட்டம், தட்டு எறிதல், கோலூன்றித் தாண்டுதல், ஈட்டி எறிதல், 1,500 மீட்டர் ஓட்டம். பகடை விளையாட்டும் இதே வரிசையில்தான் செல்கிறது.

ஒவ்வொரு போட்டிக்கும் தனி விதி உண்டு. ஓட்டங்களில் 1 முதல் 5 வரை விழுந்தால் அத்தனை புள்ளி. 6 விழுந்தால் ஆறு புள்ளி கழிக்கப்படும். பிடிக்காவிட்டால் மீண்டும் எறியலாம், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. தட்டு எறிதலில் இரட்டைப்படை எண்கள் மட்டுமே செல்லும். ஈட்டி எறிதலில் ஒற்றைப்படை எண்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது நீளம் தாண்டுதல். முதலில் ஓடிவரும் கட்டம். ஐந்து பகடைகளை எறிந்து, ஒவ்வோர் எறிதலிலும் குறைந்தது ஒன்றையாவது ஒதுக்கி வைக்க வேண்டும். ஒதுக்கியவற்றின் கூட்டுத்தொகை 8ஐத் தாண்டினால் ஃபவுல். எந்த நேரத்திலும் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டு, ஒதுக்கிய பகடைகளை மட்டும் வைத்துத் தாண்டலாம். பகடைகள் அதிகமானால் தூரமும் அதிகமாகும். ஃபவுல் அபாயமும் அதிகமாகும். பலகையை நோக்கி வேகமாக ஓடி வருபவரின் நிலையும் இதுதான்.

தம்பி செய்தது சரிதான்

குண்டு எறிதலின் விதி எளிமையானது. எட்டுப் பகடைகளை ஒவ்வொன்றாக எறிந்து கூட்டிக்கொண்டே போகலாம். 1 விழுந்தால் அந்த வாய்ப்பில் சேர்த்தது எல்லாம் போய்விடும். மூன்று வாய்ப்புகள், சிறந்தது கணக்கில் சேரும்.

இனி என் கணக்கு. ஒரு பகடையில் நமக்கு உதவும் பக்கங்கள் ஐந்து: 2, 3, 4, 5, 6. இவற்றின் கூட்டுத்தொகை 20. கெடுக்கும் பக்கம் ஒன்று. அது விழுந்தால் கையில் இருப்பது முழுவதும் போகும். ஆகவே, கையில் 20க்கும் குறைவாக இருக்கும்வரை இழக்கக்கூடியதைவிடச் சேர்க்கக்கூடியதே அதிகம். தம்பியிடம் இருந்தது 18. அவன் ஆறாவதை எறிந்தது சரியான முடிவு. அதிலும் அது முதல் வாய்ப்பு; இன்னும் இரண்டு மீதம் இருந்தன.

முடிவு சரியாக இருந்தது. விளைவுதான் சரியாக அமையவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பதைப் புள்ளியியல் வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறேன். தம்பியின் வாடிய முகத்தைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

உயரம் தாண்டுதலும் நல்ல பாடம். ஐந்து பகடைகளை ஒன்றாக எறிந்து, குறிப்பிட்ட ‘உயரத்தை’ எட்ட வேண்டும். உயரம் இரண்டு இரண்டாக ஏறும். ஒரே முயற்சியில் 18ஐத் தாண்டும் சாத்தியம் சரியாக 50 விழுக்காடு. 20க்கு அது ஏறத்தாழ 31, 22க்கு 15, 24க்கு வெறும் 6 விழுக்காடு. ஆனால் 18ல் மூன்று முயற்சிகளும் இருந்தால், ஒருமுறையாவது தாண்டும் சாத்தியம் 87.5 விழுக்காடாக உயர்கிறது. மூன்று வாய்ப்புகள் என்ற விதியின் மதிப்பு இதுதான்.

வெற்றியாளர்களுக்கும் பூஜ்யம்

2018 ஆகஸ்டில் பெர்லின் ஐரோப்பிய வெற்றியாளர் போட்டியில், அப்போதைய உலக வெற்றியாளரான பிரான்சின் கெவின் மேயர் நீளம் தாண்டுதலில் மூன்று முறையும் ஃபவுல் ஆனார். அந்தப் போட்டிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. பதக்க வாய்ப்பு அத்தோடு முடிந்தது. அடுத்த மாதமே பிரான்சின் தலான்ஸ் நகரில் அவர் 9,126 புள்ளிகளுடன் உலகச் சாதனை படைத்தார்.

1992ல் அமெரிக்காவின் டான் ஓபிரையனுக்கும் இப்படித்தான் நடந்தது. ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் கோலூன்றித் தாண்டுதலை அவர் 4.80 மீட்டரிலிருந்து தொடங்கினார். மூன்று முயற்சிகளும் தவறின. பார்சிலோனா ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், அதே தலான்ஸ் நகரில், 8,891 புள்ளிகளுடன் உலகச் சாதனை படைத்தார். 1996ல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் தங்கமும் வென்றார்.

பகடைக்கு நினைவு இல்லை

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

உயர்நிலைப்பள்ளியில் நீளம் தாண்டுதல் என் இணைப்பாட நடவடிக்கை. உயர்நிலை 4ல், என் கடைசிப் பள்ளிப் போட்டியில், நானும் மூன்று முறை ஃபவுல் ஆனேன். முடிவுத் தாளில் என் பெயருக்கு எதிரே தூரம் எதுவும் இல்லை. ‘நமக்கு இது வராது’ என்று முடிவுகட்டினேன். தாண்டும் காலணியை அலமாரியின் அடியில் தள்ளிவிட்டேன்.

மூன்றுக்கு ஒருமுறை ஃபவுல் ஆகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பகடைக் கணக்குப்படி, மூன்றும் ஃபவுல் ஆகும் சாத்தியம் 27ல் 1. அப்படிப்பட்ட 27 பேர் போட்டியிட்டால், சராசரியாக ஒருவர் தூரமே இல்லாமல் வீடு திரும்புவார். அன்று அந்த ஒருவர் நான். அதை வைத்து என் திறனை எடைபோட்டது தவறு.

இந்தக் கணக்கு எனக்கு ஆறுதல் தந்தது. ஆனால் அது முழு உண்மை அல்ல. பகடைக்கு நினைவு கிடையாது. முதலில் 1 விழுந்ததால் இரண்டாவது எறிதலில் அது பயப்படாது. நான் பயந்தேன். இரண்டு ஃபவுல்களுக்குப் பிறகு என் கண் பலகையை விட்டு அகலவில்லை.

இன்னொன்றும் உண்டு. “ஓடத் தொடங்கும் இடத்தை ஓர் அடி பின்னால் தள்ளி வை,” என்று பயிற்றுநர் ஓரத்திலிருந்து சொன்னார். தலையை ஆட்டினேன், ஆனால் தள்ளி வைக்கவில்லை. பின்னால் போனால் தூரம் குறைந்துவிடும் என்ற பிடிவாதம். பகடை ஒவ்வொரு முறையும் அதே பகடைதான். அதற்கு யாரும் அறிவுரை சொல்ல முடியாது. எனக்குச் சொன்னார்கள், நான்தான் பகடையைப் போல மூன்று முறையும் ஒரே மாதிரி ஓடினேன்.

நினைவு நம்மைப் பயமுறுத்துகிறது. நம்மைத் திருத்திக்கொள்ள உதவுவதும் அதே நினைவுதான்.

மீண்டும் மணலில்

பாட்டியிடம் கணக்கை விளக்கினேன். தாயம் விளையாடி வளர்ந்தவர் அவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, புள்ள செஞ்சது தப்பில்ல. ஆனா மூணாவது தடவையும் அப்படியே எறிவானா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்று மாலை தம்பியின் இரண்டாம் வாய்ப்பும் வீணாகியிருந்தது. மூன்றாவதில் 11 புள்ளிகளோடு நிறுத்திக்கொண்டான். சராசரிக் கணக்கு ‘இன்னும் எறி’ என்றுதான் சொல்லும். ஆனால் பூஜ்யத்தோடு எழுந்திருக்க அவனுக்கு மனமில்லை. அவனைக் குறைசொல்ல எனக்கும் மனமில்லை.

நீங்களும் முயன்று பார்க்கலாம். எட்டுப் பகடைகள், ஒரு தாள், ஒரு பேனா போதும். வீட்டில் தொடக்கநிலை மாணவர் இருந்தால், நிகழ்தகவைக் கற்றுத்தர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒவ்வோர் எறிதலுக்கும் முன்பு, ‘ஏன் எறிகிறாய், ஏன் நிறுத்துகிறாய்?’ என்று மட்டும் கேளுங்கள்.

பல்கலைக்கழகம் திறந்த முதல் வாரத்தில், அலமாரியின் அடியிலிருந்து காலணியை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். முதல் தாண்டல் ஃபவுல். தொடங்கும் இடத்தை ஓர் அடி பின்னால் தள்ளி வைத்தேன். இரண்டாவதில் பாதம் பலகையில் சரியாகப் பதிந்தது. தூரத்தை அளக்க நாடா கொண்டுபோகவில்லை. அடுத்த வாரம் தம்பியை அழைத்துப்போகிறேன். நாடாவைப் பிடிக்க ஆள் வேண்டுமே.