காற்றுக்குக் கட்டிய மாடிகள்

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகறி வாவியில் படகு என்று பாதி கொழும்பு மலையேறி வந்துவிடும். வருகிறவர்கள் வாகனத்தை எங்கே நிறுத்துவது? சமதரை குறைந்த ஊர்; பரந்த தரிப்பிடம் அமைக்க இடமில்லை. மாடி மேல் மாடியாகக் கட்டினால் என்ன என்ற யோசனை தானாக எழும். ஆனால் மாடித் தரிப்பிடத்தின் செலவு கட்டி முடித்ததோடு தீராது. புகையை வெளியேற்ற விசிறியும் இருட்டைப் போக்க விளக்கும் வருடம் முழுக்க மின்சாரம் கேட்கும். இந்தச் செலவைக் குறைக்கும் வித்தை மலையகத்தாருக்குப் புதிதல்ல. தேயிலை பெக்டரி அதை எப்போதோ கற்றுவிட்டது.

பழைய பெக்டரிகள் ஏன் மூன்று நான்கு மாடி உயரத்துக்கு, சுவரெல்லாம் ஜன்னலாக நிற்கின்றன? பறித்து வந்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ரோலரில் போடுவதற்கு முன் அதில் ஒரு பகுதியை ஆற அமர வெளியேற்ற வேண்டும். இதற்கு ஓர் இரவு முழுக்கப் பிடிக்கும். அந்தக் காலத்தில் மேல்மாடிகளில் சாக்குத் துணித் தட்டுகளை அடுக்கி, கொழுந்தை மெல்லியதாகப் பரப்பினார்கள். வானம் வெளுத்த நாளில் ஜன்னல்களைத் திறந்து மலைக்காற்றைக் குறுக்கே ஓடவிட்டார்கள். மழை விடாத நாளில் கீழ்மாடி டிரையரின் வெப்பக் காற்றை மேலே இழுத்துக்கொண்டார்கள். மாடியின் அகலம், ஜன்னலின் எண்ணிக்கை, கட்டடம் பார்த்து நிற்கும் திசை எல்லாம் காற்றைக் கேட்டு முடிவானவை.

வாகனத் தரிப்பிடத்துக்கும் இதுவே தேவை. அங்கே வெளியேற வேண்டியது காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு. வாகனத்தின் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றி இந்த நச்சைக் கட்டுப்படுத்தும். ஆனால் சில நூறு பாகை சூடேறிய பிறகுதான் அது வேலை செய்யும். ஆகவே எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடங்களில்தான் நச்சு அதிகம், அதாவது வாகனம் தரிப்பிடத்தை விட்டு வெளியேறுவதற்குள். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், விடிகாலைக் குளிரில் விறைத்துக் கிடக்கும் எஞ்சினுக்கு இந்த நேரம் இன்னும் நீளும். பழைய கார்பரேட்டர் வாகனமென்றால் மலையின் மெல்லிய காற்றில் எரிபொருள் முழுதாக எரியாமல் நச்சு மேலும் கூடும்.

காபனோரொட்சைட்டின் அடர்த்தி ஏறக்குறைய காற்றின் அடர்த்தியேதான். அது தரையில் படியாது, கூரைக்கும் ஏறாது. எங்கும் கலந்து நிற்கும். அதனால் ஒரு பக்கத்தில் மட்டும் பெரிய வாசல் வைத்துப் பயனில்லை, காற்று குறுக்கே கடக்க வேண்டும். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் சர்வதேசக் கட்டட விதிக்கோவை, ஒவ்வொரு தளத்திலும் சுற்றுச்சுவர்ப் பரப்பில் குறைந்தது 20 சதவீதம் திறந்திருக்க வேண்டும், அந்தத் திறப்புகள் சுற்றளவில் குறைந்தது 40 சதவீதத்துக்குப் பரவியிருக்க வேண்டும் என்கிறது. அப்படிக் கட்டினால் அது ‘திறந்த தரிப்பிடம்’, விசிறி வேண்டாம். பகலில் விளக்குத் தேவையும் பெருமளவு குறையும்.

மலைச்சரிவில் ஒரு பக்கம் மண்ணோடு ஒட்டியிருந்தால்? அங்கே விசிறி வேண்டும்தான், ஆனால் எந்நேரமும் முழு வேகத்தில் அல்ல. இதற்கும் பெக்டரியிலேயே பாடம் உண்டு. இன்று பெக்டரிகளில் கொழுந்து வாட்டுவது ஒரு முனையில் விசிறி பொருத்திய நீண்ட தொட்டிகளில். கொழுந்தின் மேல் ஈரம் சொட்டும்போது காற்று நிறைய வேண்டும். வாட வாடக் குறைத்துக்கொள்ளலாம். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது இழுக்கும் மின்வலு பாதியாக அல்ல, கணக்குப்படி எட்டில் ஒன்றாகக் குறையும். தரிப்பிடத்திலும் நச்சின் அளவைக் காட்டும் உணரி சொல்வதைக் கேட்டு விசிறி கூடிக் குறைந்தால் அதே லாபம்.

சரிவு இன்னொரு வசதியையும் தருகிறது. ஹட்டன் போன்ற மலைநகரங்களில் கீழ்த்தெருவிலிருந்து பார்த்தால் மூன்றாம் மாடியாக இருப்பது, மேல்தெருவிலிருந்து பார்த்தால் தரைத்தளம். தரிப்பிடத்தின் ஒவ்வொரு தளத்துக்கும் அதனதன் மட்டத்துத் தெருவிலிருந்தே வழி வைத்துவிட்டால், உள்ளே சுழன்றேறும் சாய்தளங்கள் தேவையில்லை. கொங்கிறீற்றும் மிச்சம், முதல் கியரில் முக்கி ஏறும் புகையும் மிச்சம்.

மழைநீர் விஷயத்தில்தான் எச்சரிக்கை தேவை. சமவெளி நகரங்களில் தரையில் துளையுள்ள கற்களைப் பதித்து நீரை அங்கேயே மண்ணுக்குள் இறக்குவது நல்ல முறை. செங்குத்துச் சரிவில் அதுவே வினையாகலாம்: மண்ணில் நீரழுத்தம் கூடினால் சரிவு பிடியை இழக்கும். 1,000 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 50,000 லீற்றர் தண்ணீர். அதைத் தொட்டியில் சேர்த்து மலசலகூடத்துக்கும் கழுவலுக்கும் பயன்படுத்தலாம். மிஞ்சியதைத் தோட்டங்களில் கான் வெட்டி மண்ணை அரிக்காமல் இறக்குவதுபோல் கற்பதித்த கான் வழியே விடலாம். எங்கே சரிவை வெட்டலாம், எங்கே தொடவே கூடாது என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடங்களைப் பார்த்து முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

மின்சாரம், மழைநீர் கணக்கோடு இன்னொரு கணக்கும் உண்டு. உலகின் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் சீமெந்து உற்பத்தியிலிருந்து வருவது. அதனால் கட்டடம் எத்தனை காலம் பயன்படும் என்பதே பெரிய கேள்வி. இதற்கு நுவரெலியாவுக்குப் பக்கத்திலேயே, கந்தப்பளையில் விடை இருக்கிறது. அங்கே இயக்கம் நின்றுபோன ஹெதர்செட் பெக்டரி, 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாடிய மாடிகளில் இன்று விருந்தாளிகள் தூங்குகிறார்கள். வெளித்தோற்றமும் ஜன்னல் வரிசையும் அப்படியே இருக்கின்றன. தளங்கள் மட்டமாக இருந்தன, உயரம் போதுமானதாக இருந்தது, வெளிச்சமும் காற்றும் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தன. அதனால்தான் இந்த மாற்றம் கைகூடியது.

சாதாரண மாடித் தரிப்பிடத்தில் இம்மூன்றும் இருப்பது அரிது. தளமே சாய்வு, தலையில் இடிக்கும் கூரை, இருண்ட நடுப்பகுதி. வாகனம் வருவது நின்றால் இடிப்பதைத் தவிர வழியில்லை. மட்டமான தளம், தாராளமான உயரம், தனியாகக் கழற்றக்கூடிய ஏறுவழி ஆகியவற்றை முதல் வரைபடத்திலேயே போட்டுவிட்டால், நாளைக்கு அதே கட்டடம் சந்தையாகலாம், பள்ளிக்கூடமாகலாம், குடியிருப்பாகலாம். நகரசபை ஒரு தரிப்பிட வரைபடத்தைக் கையில் எடுக்கும்போது, எத்தனை வாகனம் நிற்கும் என்பதோடு, வாகனங்கள் போன பிறகு இங்கே யார் இருப்பார்கள் என்றும் கேட்க வேண்டும்.